வைரம் உள்ளே இருந்த மரம்

குதிக்காலுக்குள் ஓர் எலும்பு இருக்கிறது என்று ஐம்பத்தொரு வயதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. நடந்தேன், ஓடினேன், பஸ் பிடித்தேன், கப்பல் படிகளில் ஒரு நாளைக்கு நாற்பது தரம் ஏறி இறங்கினேன். அது தன்பாட்டில் கீழே கிடந்து என்னைத் தாங்கியது. உடைந்த பிறகுதான் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைப் பற்றியே படித்த ஒரு மருத்துவர் இந்த நகரத்தில் இருக்கிறார் என்பதெல்லாம் தெரியவந்தது.

இப்போது ஏப்ரல். கைத்தடியோடு நடக்கிறேன். இதை எழுதச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்களில் இரண்டு மூன்று பேர், கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு அதே மூச்சில், மரத்தில் ஏறுகிற அந்த ஆணிகளை எங்கே வாங்குவது, எப்படித் துளைப்பது என்றும் விசாரித்தார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். ஆணியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் மற்றதையும் சொல்லாமல் விடமுடியாது.

ஆணி கிளமென்றினுடையது. கிளமென்ற் என் மனைவி றீற்றாவின் தம்பி. பன்னிரண்டு வயதில் மன்னாரிலிருந்து வந்தவன், இப்போது முப்பத்தெட்டு. இங்கே பலேர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் ஒரு தளபாடப் பட்டறையில் வேலை. இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும் மற்றவர்கள் லண்டனுக்குப் போனார்கள். இவன் வேட்டைப் பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்தான். நவம்பர் பிறந்தால் ஞாயிறுகளில் மலைப்பக்கம் போய் மரத்தில் உட்கார்ந்து பன்றிக்குக் காத்திருப்பான். எனக்குப் பன்றியில் ஆசை இல்லை. துவக்கைத் தொட்டதும் இல்லை. என் வேலை துறைமுகத்தில், நாப்போலிக்குப் போகிற கப்பலில் அறை துப்புரவு. மற்றவர்கள் தூங்கி எழுந்த கட்டில்களை நாள்முழுக்க விரித்துக்கொண்டிருப்பவனுக்கு, ஒரு விடியலையாவது உயரத்திலிருந்து பார்க்கவேண்டும் போலிருந்தது. ஓரிடத்தில் இருக்கமுடியாத கால் எனக்கு. அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

"பன்றி கேட்டுப் போனால் பரவாயில்லை. வெளிச்சம் பார்க்கப் போறாராம்," என்று றீற்றா சிரித்தாள். "போட்டு வாங்கோ. ஆனா அனெற்றாவின்ரை நாளுக்கு முழு ஆளாய் நிக்கவேணும், இரண்டு பேரும்."

அனெற்றா எங்கள் மகள், பதினாலு வயது. கிறிஸ்து அரசர் திருநாளன்று அவளுக்கு உறுதிபூசுதல். ஆயர் நெற்றியில் தைலம் பூசும்போது பின்னால் நின்று பிள்ளையின் தோளில் வலது கையை வைத்திருப்பவர்தான் ஞானத்தகப்பன். அது தாய்மாமன் கிளமென்ற் என்பது அவள் நடக்கப் பழகியபோதே முடிவான விஷயம். அந்தத் திருவருட்சாதனம் வாழ்க்கையில் ஒருமுறைதான். தவறினால் திரும்பச் செய்ய முடியாது. திருநாளுக்கு மூன்று ஞாயிறு இருந்தது.

இனி ஆணி. ஒரு சாண் நீளமான உருக்குக் கம்பி, பெருவிரல் தடிப்பு, வெளிநுனியில் கால் வழுக்காமல் ஒரு குமிழ். அடித்து இறுக்குவதில்லை. பற்றரித் துளைகருவியால் மரத்தில் சற்றுக் கீழ்நோக்கிச் சரிவாகத் துளை போட்டு, அதற்குள் செருகவேண்டும். நம் பாரமே அதை உள்ளே பிடித்து வைத்திருக்கும். இடம் ஒன்று வலம் ஒன்றாக ஏறிப்போகலாம். மேலே போனதும் கீழே உள்ளதைக் கயிறு கட்டி உருவிவிட்டால் வேறு ஆள் ஏறமுடியாது. திரும்பும்போது எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். மரத்தில் துளை மட்டும் மிஞ்சும். காணிக்காரக் கிழவர் எங்களுக்கு ஏறி இருக்கத்தான் அனுமதி தந்திருந்தார், துளைக்க அல்ல. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

மரம், தக்கை மரம். போத்தல் மூடுகிற தக்கை அதன் பட்டைதான். கீழே ஆளுயரத்துக்குப் பட்டையை உரித்து விற்றுவிடுவார்கள். அந்த இடம் செம்மண் நிறமாக, மெல்லிய தோலோடு இருக்கும். அதற்கு மேலே ஒருவரும் தொடாத பட்டை, முதலையின் முதுகு போல.

முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம் நான் ஏணியில் நின்று துளைத்தேன். கிளமென்ற் கீழே இருக்கைப் பட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். துளைகருவியின் அலகில் அவன் சிவப்பு ஒட்டு ரேப் சுற்றியிருந்தான். ரேப் மரத்தைத் தொட்டால் ஆழம் போதும் என்று அர்த்தம்.

"அத்தான், மேலை போகப் போகப் பட்டை தடிப்பு. ரேப்பைப் பாக்காதேங்கோ. கொட்டுற தூளைப் பாருங்கோ. கபில நிறமாய்க் கொட்டினால் இன்னும் பட்டைதான். நிறம் மாறினாப் பிறகு நாலு விரல் போகவேணும்."

"எடேய், பனை தறிச்சவன்ரை மகனுக்கு நீ மரம் படிப்பிக்கிறியோ?"

"பனை இல்லை அத்தான் இது."

"மரம் எண்டால் மரம்தானே."

பனைக்கு வைரம், மரத்தின் கெட்டியான பகுதி, வெளியே. சிரட்டை மாதிரி இறுகிய ஓடு சுற்றிவர இருக்கும்; உள்ளே மெதுவான சோறு. பனையைத் துளைத்தால் முதலில் அலறும், பிறகு வழுவழு என்று ஓடும். ஓடத் தொடங்கினால் வைரம் கடந்துவிட்டது, போதும். என் கைக்குத் தெரிந்த ஒரே மரம் அது. தக்கை மரத்தின் மேற்பட்டை பார்வைக்கு அவ்வளவு முரடு, அதுதான் வைரம் என்று கண் முடிவுகட்டிவிட்டது. அலகு வெண்ணெய்க்குள் போவதுபோல் போனபோது, உள்ளே சோறு வந்துவிட்டது என்று கை முடிவுகட்டியது. சிவப்பு ரேப் பட்டையைத் தொட்டது. ஆணியைச் செருகினேன். கீழ் ஆறும் மரத்துக்குள் இருந்தன. மேல் ஏழும் வெறும் தக்கைக்குள் இருந்தன.

பாதுகாப்புப் பட்டி என்று ஒன்று உண்டு. இடுப்பில் கட்டி மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஏறவேண்டும். ஞாயிறு காலை கை விறைத்துப் போயிருந்தது. கொளுக்கியை மாட்ட நேரமாகும் என்று அதைப் பையிலேயே விட்டேன்.

மேலே கிளைகளுக்கிடையில் வானம் சாம்பலிலிருந்து வெளிறிக்கொண்டிருந்தது. பதினோராவது ஆணியில் இடதுகாலை வைத்துப் பாரத்தை மாற்றினேன். அது முறியவில்லை, வழுக்கவில்லை. மெதுவாகத் தலை குனிந்தது. பட்டைத் துண்டோடு சேர்ந்து, பல் கழன்று வருவதுபோல் வந்தது. பார்க்கப் போன வெளிச்சத்தை ஒரு கணம் தலைகீழாகப் பார்த்தேன். பிறகு இரண்டு குதிக்காலும் நிலத்தை அடித்தன, முதலில் இடது.

சத்தம் போட மூச்சு வரவில்லை. கிளமென்ற் ஓடிவந்தான். என்னைத் தூக்கவில்லை, அதற்காக அவனுக்கு இன்றைக்கும் நன்றி.

"அசையாதேங்கோ. கால்விரலை ஆட்டுங்கோ. மற்றக் கால். ஓம், ஓம். காணும்."

அம்புலன்சுக்குப் போன் அடித்துவிட்டுத் தன் ஜக்கெற்றைக் கழற்றி என்மேல் போட்டான். இலைச் சருகில் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, என் தலை திரும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மலைப் பாதையில் அம்புலன்ஸ் ஏறிவர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் பிடித்தபடி இருந்தான்.

"ஆழம் பாத்தனியளோ அத்தான்?" என்று ஒருமுறை கேட்டான். பதில் அவனுக்கு முன்னால், நிலத்தில், பட்டைத் துண்டோடு கிடந்தது.

பலேர்மோவில் அவசர சிகிச்சைப் பிரிவின் நடைபாதையில் என்னைத் தள்ளுகட்டிலோடு சுவரோரம் விட்டார்கள். நோயின் கடுமைக்கு ஏற்ப நிறம் கொடுப்பார்கள். எனக்குச் சிவப்புக்குக் கீழே உள்ள நிறம். உடனே சாகமாட்டேன், ஆனால் மறக்கவும் கூடாது என்று அதற்கு அர்த்தம். சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். உடம்பைப் பாண் துண்டுகள்போல் சீவிச் சீவிப் படம் எடுக்கிற இயந்திரம். இடது குதியெலும்பு முட்டைக்கோது மாதிரி நொறுங்கியிருந்தது. வலதுக்குக் கன்றிய காயம் மட்டும். முதுகின் கீழ்ப்பக்கம் ஒரு முள்ளெலும்பு முன்பக்கமாக நசிந்திருந்தது. உயரத்திலிருந்து காலில் விழுகிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்தேதான் வரும் என்றார்கள். நிலம் கொடுக்கிற அடி குதியில் தொடங்கி முதுகில் போய் முடிகிறது. நரம்புகள் தப்பியிருந்தன. அதை மூன்று பேர் மூன்று தரம் சொன்னார்கள்.

றீற்றா வந்தபோது மோர்பின் ஏற்றியிருந்தார்கள். கிளமென்ற் முழங்காலெல்லாம் மண்ணோடு சுவரில் சாய்ந்து நின்றான். அவள் முதலில் என் கால்விரல்களைத் தொட்டாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"என்னெண்டு விழுந்தவர்?"

"ஆணி கழண்டுட்டுது."

"என்னெண்டு கழண்டது?"

"ஓட்டை ஆழம் காணாது."

"ஓட்டை ஆர் போட்டது?"

அவன் என்னைப் பார்த்தான். என் கண் திறந்திருந்தது. வாய் உலர்ந்திருந்தது, ஆனால் வார்த்தை இருந்தது, இரண்டே எழுத்து வார்த்தை.

"நான்தான் அக்கா," என்றான்.

நான் கண்ணை மூடினேன். மருந்து மயக்கம் என்று பிறகு பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மயக்கம் இல்லை.

"பட்டறையிலை நாள்முழுக்க மரம் துளைக்கிறாய்," என்றாள் அவள். சத்தம் கூடவில்லை. "கதிரைக்கு ஓட்டை போட ஆழம் பாப்பாய். மனிசனுக்குப் போடேக்கை பாக்கேல்லை. என்ரை வாசலுக்கு இனி வராதை. அனெற்றாவுக்குப் பின்னாலை நீ நிக்கவும் வேண்டாம்."

அவன் போனான். கண்ணை மூடியிருந்த எனக்கு அவன் சப்பாத்துச் சத்தம் நடைபாதை முடியும்வரை கேட்டது.

நான்காம் மாடியில் எலும்புப் பகுதி. என்னைவிட இருபது வயது குறைந்த ஒரு பெண் மருத்துவர், தொத்தொரெஸ்ஸா என்று எல்லாரும் கூப்பிடுவார்கள், படத்தைக் காட்டி விளக்கினார். முதுகுக்குக் கத்தி வேண்டாம், மூன்று மாதம் இறுக்கமான கவசம் ஒன்று அணிந்தால் போதும். குதியைத் திறந்து துண்டுகளை அடுக்கித் தகட்டால் பிணைக்கவேண்டும்.

"எப்போது?"

"உங்கள் தோல் சொல்லும்போது."

கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி மினுங்கியது. தண்ணீர்க் கொப்புளங்கள் வேறு. வீங்கிய தோலை வெட்டினால் மூடாது, புண்ணாகிவிடும். வீக்கம் வற்றி, பாதத்தை அசைக்கும்போது தோலில் சுருக்கம் விழவேண்டும். அந்தச் சுருக்கம்தான் அனுமதி. ஒவ்வொரு நாள் காலையும் அவர் வந்து பாதத்தைப் பிடித்து மெல்ல வளைத்துக் குனிந்து பார்ப்பார். சுருக்கம் விழாத நாள்களில் தலையை ஆட்டிவிட்டுப் போவார். சுருக்கத்துக்காக இப்படிக் காத்திருப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் சிஞ்ஞோர் பீப்போ. போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் விற்பவர்; எழுபத்தைந்து வயது, இடுப்பெலும்பு உடைந்தவர். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. இருபது வருடமாக அவரிடம் சூடைமீன் வாங்கியிருக்கிறேன், பெயர் அங்கேதான் தெரிந்தது.

"தொத்தொரெஸ்ஸா, சுருக்கம்தான் வேணுமென்றால் என் முகத்தைப் பாருங்கள். இப்போதே வெட்டலாம்," என்பார். என்னிடம், "பன்றி உன்னைப் பார்த்ததா?"

"இல்லை."

"நல்லது. பார்த்திருந்தால் மலைமுழுக்கச் சொல்லியிருக்கும்."

சிரித்தால் முதுகு கொளுவிப் பிடிக்கும். அவர் அது தெரிந்துதான் சொல்வார்.

நாளுக்கொரு ஊசி வயிற்றில். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறைந்து நெஞ்சுக்குப் போய் அடைக்கும். அதைத் தடுக்கிற மருந்து. வயிறு நீலம் பாய்ந்து வரைபடம் போலாயிற்று. மலம், சலம் எல்லாம் கட்டிலில். உடம்பு கழுவ உதவியாளர்கள் வருவார்கள். ஆனால் றீற்றா விடமாட்டாள். அவள் வேலை செய்கிற சிஞ்ஞோராவின் வீட்டில் மூன்று மணிக்கு முடித்து, நான்கு மணிப் பார்வை நேரத்துக்கு வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேசின் பாத்திரத்தில் வெந்நீர் எடுப்பாள். கக்கம், முதுகு, தொடையிடுக்கு. கவசத்தின் விளிம்பு உரசிய இடத்தில் துணியை ஒற்றி ஒற்றி எடுப்பாள். அந்தக் கை அவசரப்பட்டதில்லை. ஒரு பிள்ளையைக் கழுவுவதுபோல் கழுவிக்கொண்டு, தம்பியைத் திட்டுவாள்.

"இந்தத் தோல் இப்பிடி உரிய அவன்தான் காரணம். கொஞ்சம் திரும்புங்கோ. நோகுதோ?"

"இல்லை. றீற்றா, அண்டைக்கு மரத்திலை..."

"மரத்தைப் பற்றிக் கதைக்காதேங்கோ. நீங்கள் அவனுக்குப் பரிஞ்சு பேசுவியள் எண்டு தெரியும்."

நான் நிறுத்திக்கொண்டேன். எவ்வளவு சந்தோசமாக நிறுத்திக்கொண்டேன் என்பதை எழுதவே கை கூசுகிறது.

கிளமென்ற் மத்தியானப் பார்வை நேரத்தில் வருவான், அக்காவின் நேரத்தைத் தவிர்த்து. சவரக்கத்தியும் நுரையும் கொண்டுவந்து எனக்கு முகம் வழிப்பான். ஆறாம் நாள், கன்னத்தில் நுரையோடு, அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தபடி சொன்னேன்:

"நான் சொல்லிவிடுறன் கிளமென்ற். இண்டைக்குப் பின்னேரம்."

"வாயை மூடுங்கோ, வெட்டிப்போடும்." ஒரு கன்னம் முடிந்தது. "ஒப்பரேசன் முடியட்டும் அத்தான். இப்ப ஒண்டும் வேண்டாம்."

"திருநாள் வருதடா."

"வரட்டும். முதல் நீங்கள் எழும்புங்கோ."

அதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அவன் கொடுத்ததைவிடப் பெரிய அனுமதியாக.

பத்தாம் நாள் அனெற்றா பள்ளிக்கூடப் பையோடு தனியே வந்தாள். சிஞ்ஞோர் பீப்போவின் மனைவி கொடுத்த தோடம்பழத்தை உரித்துக்கொண்டே, "பப்பா, அம்மா சிஞ்ஞோராவைக் கேட்டிட்டா. அவதான் எனக்கு மத்ரீனாவாம்," என்றாள். ஞானத்தாய் என்பதற்கு இங்கே அதுதான் சொல்.

"உனக்கு விருப்பமோ?"

"மா நோ, இல்லை பப்பா. சிஞ்ஞோரா பாவம், நல்லவ. ஆனா மாமா எல்லோ நிக்கவேணும். மாமா சேர்ட் கூட வாங்கிட்டார்." சுளையை என் வாயில் வைத்தாள். "நீங்க சொன்னா அம்மா கேப்பா."

"ஒப்பரேசன் முடியட்டும்."

"எல்லாரும் அதையே சொல்லுறியள்," என்றாள். எல்லாரும் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை தொத்தொரெஸ்ஸா பாதத்தை வளைத்தார், குனிந்தார், நிமிர்ந்து சிரித்தார். குதியின் வெளிப்பக்கத் தோலில் கோடுகள், மெல்லியவை, காற்றில் நடுங்கும் தண்ணீர்போல. அன்றே கொண்டுபோனார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். திரைக்கு அப்பால் துளைகருவியின் சத்தம் கேட்டது. எலும்பில் ஆணி போட முதலில் துளைக்கவேண்டும். துளைத்து, ஒரு கம்பியை உள்ளே விட்டு ஆழம் அளந்து, அளவைச் சத்தமாகச் சொல்லி, அந்த நீளத்தில் ஆணி எடுத்தார்கள். ஒவ்வொரு துளைக்கும் அளந்தார்கள். ஒன்பது தரம் எண்ணினேன். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. மயக்க மருத்துவர் நோகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை.

சத்திரசிகிச்சை முடிந்தது. இனிச் சொல்லவேண்டும். முதல் இரண்டு நாள் வலி, உண்மையான வலி; அதை ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் நாள் காய்ச்சல். நான்காம் நாள் வெட்டின் ஒரு மூலை கறுத்து, மூடுமோ தெரியாது என்றார்கள். மூடாவிட்டால் தகடு வெளியே தெரியும், கிருமி போகும், காலே போகலாம். றீற்றா அன்றைக்கு என் பாதத்தின்மேல் கையை விரித்து, தொடாமல், நீண்ட நேரம் வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் மூலை சிவந்து உயிர் வந்தது. அவள் சந்தோசமாக இருந்தாள். இந்தச் சந்தோசத்தை எப்படிக் கெடுப்பது என்று கேட்டுக்கொண்டேன். துக்கம், சந்தோசம் இரண்டும் எனக்கு ஒரே வேலையைச் செய்தன. ஆறு. ஏழு. எட்டாம் நாள் ஞாயிறு, திருநாள்.

அந்தக் காலை வார்டில் தொலைக்காட்சியில் பூசை போனது. கோயிலில் ஆயர் எந்த வரிசையில் நிற்பார், என் மகள் எத்தனையாவது என்று மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கிட்டுக்கொண்டு கிடந்தேன். பதினொன்றரைக்குச் சிஞ்ஞோர் பீப்போ, "இப்போது முடிந்திருக்கும். வாழ்த்துகள்," என்று கட்டிலிலிருந்தே கையை நீட்டினார். கைகொடுத்தேன்.

பின்னேரம் இருவரும் வந்தார்கள். அனெற்றா வெள்ளை உடுப்போடு, நெற்றியில் தைல வாசம். கைத்தொலைபேசியில் படங்களைக் காட்டினாள். ஆயரின் பெருவிரல், அவளுடைய மூடிய கண், தோளில் சிஞ்ஞோராவின் மோதிரக் கை. அடுத்தது கோயில் முழுவதும் தெரிகிற படம். யாரோ பீடத்துப் பக்கமிருந்து எடுத்தது. வாசலருகே கடைசித் தூணில், வெள்ளைச் சேர்ட்டில், கிளமென்ற் நின்றான். கையைக் கட்டியிருக்கவில்லை. வலது கை சற்று முன்னால், என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பதுபோல் இருந்தது.

அனெற்றா அந்தப் படத்தைத் தள்ளவில்லை. அவளும் கண்டிருக்கிறாள். அவள் என்னைப் பார்த்தாள்.

"பிள்ளை, கீழை போய் எனக்கொரு தண்ணிப் போத்தல் வாங்கிக்கொண்டு வா," என்றேன். அவள் போனாள். றீற்றா பேசினில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டை போட்டது நான்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடினாள்.

"அவன் ஆழம் பாக்கச் சொன்னவன். நான் கேக்கேல்லை. பட்டியும் கட்டேல்லை. அண்டைக்கு நீர் கேக்கேக்கை எனக்கு நினைவிருந்தது."

சிஞ்ஞோர் பீப்போவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எப்ப சொல்ல இருந்தனியள்?"

"ஒப்பரேசன் முடிய."

"ஒப்பரேசன் முடிஞ்சு எட்டு நாள்."

அவள் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். கைப்பையை எடுத்தாள். "நேற்றுச் சொல்லியிருந்தாலும் காணும்," என்றாள். "நேற்றுப் பின்னேரம் சொல்லியிருந்தாலும்."

அனெற்றா தண்ணீரோடு வந்தபோது அம்மா எங்கே என்றாள். மாமா வீட்டுக்கு என்றேன். பிரான்காச்சோவுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஒழுங்காக வராது. எவ்வளவு நேரம் நிறுத்தத்தில் நின்றாளோ தெரியாது. அக்காவும் தம்பியும் என்ன கதைத்தார்கள் என்றும் எனக்குத் தெரியாது. இன்றுவரை இருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்தநாள் வந்து ஒரே ஒரு வசனம் சொன்னாள்: "நல்லாய் மெலிஞ்சு போனான்."

காலின் கதையையும் முடித்துவிடுகிறேன். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் கணுக்காலுக்குக் கீழே ஒரு மூட்டு உண்டு, மேடுபள்ளத்தில் பாதத்தை இரண்டு பக்கமும் சரிக்கிற மூட்டு. அது இறுகிவிட்டது. தரை எப்படி இருந்தாலும் என் இடது பாதம் தட்டையாகவே வைக்கும். எங்கள் தெருக் கற்களில் நடப்பதே ஒரு வேலை. கப்பல் ஆடும்போது நிற்கமுடியாது என்பதால் என்னைத் தரையில், துணிகள் மடிக்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். தக்கை மரத்தில் ஏறத்தான் வேண்டும் என்பவர்களுக்கு: தூளின் நிறத்தைப் பாருங்கள், பட்டியைக் கட்டுங்கள், உங்களுக்குத் தெரிந்த மரத்தை அந்த மரத்தில் தேடாதீர்கள். ஏறாமலே விட்டால் இன்னும் நல்லது.

வீட்டுக்கு அனுப்பிய நாள் டிசம்பரில் ஒரு வியாழன். மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. கிளமென்றும் கீழ்வீட்டுத் தச்சரும் என்னைக் கதிரையில் வைத்துத் தூக்கினார்கள். இரண்டாம் மாடியில் இளைப்பாற இறக்கினார்கள். தச்சர் கதவைத் திறந்து வைக்க மேலே போனார். படியில் நாங்கள் இருவரும் மட்டும்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளடா," என்றேன். "நீ ஏன் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீ?"

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான்.

"அக்காவின்ரை கோவம் உங்களுக்குத் தெரியும்தானே. அண்டைக்கு அவவுக்கு ஆரிலையோ ஒராளிலை கோவிக்க வேணுமாய் இருந்தது. நீங்கள் எழும்ப ஏலாமல் கிடக்கிறியள். உங்களைக் கழுவித் துடைக்கிறது அவதான். கழுவுற கை கோவத்தோட தொடக்கூடாது அத்தான். அவ்வளவுதான் யோசிச்சன்." குனிந்து கதிரைக் காலைப் பிடித்தான். "ஒரு கிழமை, பத்து நாளிலை நீங்கள் சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

தச்சர் மேலேயிருந்து கூப்பிட்டபடி இறங்கி வந்தார். கதிரையைத் தூக்கினார்கள்.

அன்று மாலை எல்லாரும் போனபிறகு, றீற்றா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேசினோடு வந்தாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் உதவியாளர்கள்தான் கழுவினார்கள். அவள் பக்கத்தில் கதிரையில் இருப்பாள், பழம் வெட்டித் தருவாள், திரும்பிப் போவாள்.

"வையும். நானே கழுவிறன்," என்றேன்.

"முதுகு வளையாது. காலை நீட்டுங்கோ."

நீட்டினேன். தழும்பைச் சுற்றி, விரல்களுக்கிடையில், குதியின் அடியில், ஒன்றையும் விடாமல் கழுவினாள். தண்ணீர் அளவான சூட்டில் இருந்தது. முன்பு கழுவிய அதே கை, அதே நிதானம். அந்தக் கையில் கோபத்தைத் தேடினேன், காணவில்லை. கொஞ்சமாவது இருந்திருக்கலாம்.